பீங்கான் ஓவியத்துக்கு ஏற்ற மெல்லிய பரப்புகள்

பீங்கான் ஓவியம் என்பது, மெருகேற்றிச் சுட்ட வெள்ளைப் பீங்கானின் மேல் கனிம வண்ணங்களால் வரைந்து, மீண்டும் சூளையில் சுட்டு அவ்வண்ணங்களை நிலைநிறுத்தும் கலையாகும். தாளில் வரைந்த படம் கெட்டால் வேறு தாள் எடுத்துக்கொள்ளலாம். பல நாள் உழைத்து வரைந்த பீங்கான் சூளையில் விரிசல் விட்டால் அதை மீட்க வழியில்லை. ஆகவே பரப்பு மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது; மறுசூட்டைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும்.

பீங்கானின் தன்மை

கயோலின் என்னும் வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றைக் கலந்து ஏறத்தாழ 1300 முதல் 1400 பாகை செல்சியசு வரை சுடும்போது கடினப் பீங்கான் உருவாகிறது. இவ்வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடி போலாகித் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளை அடைத்துவிடுகிறது. இதனால்தான் பீங்கான் நீரை உறிஞ்சுவதில்லை. மெல்லியதாகச் செய்தால் ஒளியையும் ஊடுருவ விடுகிறது.

மெல்லிய பலகை ஏன் அரிது?

கிண்ணத்தின் வளைவு அதன் வடிவத்தைத் தாங்கி நிற்கும். தட்டையான பலகைக்கு அந்த உதவி இல்லை. உலரும்போதும் சுடும்போதும் பீங்கான் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குகிறது. உச்ச வெப்பத்தில் சற்றே இளகவும் செய்கிறது. ஒரு பக்கம் முந்தி உலர்ந்தாலும், சூளைத் தட்டு சமமாக இல்லாவிட்டாலும் பலகை கோணிவிடும். பலகை பெரிதாகவும் மெல்லியதாகவும் ஆக ஆக, பழுதின்றி வெளிவருபவை குறையும், விலை ஏறும்.

வரலாறு

சீனாவின் சிங்தேசென் நகரம் பல நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அதன் அருகிலுள்ள காவோலிங் என்னும் ஊரின் பெயரிலிருந்தே கயோலின் என்ற சொல் பிறந்தது. ஐரோப்பாவில் 1710இல் ஜெர்மனியின் மெய்சன் நகரில் கடினப் பீங்கான் தொழிற்கூடம் தொடங்கியது. பிரான்சின் செவ்ர் தொழிற்கூடத்தை 1800 முதல் 1847 வரை நடத்திய அலெக்சாந்தர் பிரோஞ்ஞார், பெரிய தட்டைப் பலகைகள் செய்வதில் தனிக் கவனம் செலுத்தினார். எண்ணெய் வண்ண ஓவியங்கள் காலப்போக்கில் நிறம் மாறும். சூளையில் சுட்ட வண்ணம் மாறாது. எனவே பெரும் ஓவியர்களின் படைப்புகளைப் பீங்கானில் நகலெடுத்துக் காக்கலாம் என்பது அவர் எண்ணம். மரி விக்துவார் ஜாக்கோதோ என்ற பெண் ஓவியர் ரபேல் முதலியோரின் ஓவியங்களை அங்கே பலகைகளில் தீட்டினார். பின்னர் பெர்லினில் செய்யப்பட்ட பலகைகளும் இப்பணிக்கு விரும்பி வாங்கப்பட்டன.

கிடைக்கும் பரப்புகள்

1. ஓவியத்துக்கென விற்கும் வெற்றுப் பலகைகள்: தட்டையானவை, பழுதற்றவை, ஆனால் விலை மிகுதி.
2. அலங்காரமில்லாத வெள்ளைத் தட்டுகள்: எளிதில் கிடைப்பவை. தொடக்கநிலையினருக்கு இவையே ஏற்றவை.
3. போன் சைனா: எலும்புச் சாம்பல் சேர்ந்தது, மெல்லியது, மிக வெண்மையானது. இதன் மெருகு மென்மையானது என்பதால் கடினப் பீங்கானைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வண்ணம் மெருகுக்குள் இறங்கும்.
4. டைல்கள்: தட்டையானவை, மலிவானவை. ஆனால் சுவரில் பதிக்கும் டைல்களில் பல, நீரை உறிஞ்சும் சாதாரண மண்ணால் ஆனவை. நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாதவையே பீங்கான் டைல் எனத் தரப்படுத்தப்படுகின்றன.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

1. விளக்கொளியில் பிடித்துப் பின்னால் விரல்களை அசைத்துப் பார்க்கவும். மெல்லிய பீங்கானாயின் விரல் நிழல் தெரியும்.
2. விரல் நகத்தால் சுண்டவும். நல்ல தட்டு மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மழுங்கும்.
3. அடியில் மெருகு படாத இடத்தில் ஒரு துளி நீர் வைக்கவும். நீர் உள்ளிழுக்கப்பட்டால் அது பீங்கான் அன்று.
4. அளவுகோலை விளிம்பு பதியுமாறு பரப்பின் குறுக்கே நிறுத்திக் கோணலைப் பார்க்கவும்.
5. சாய்வொளியில் மெருகின் ஊசித்துளைகளையும் கரும்புள்ளிகளையும் தேடவும்.

வீட்டில் புழங்கிய பழைய தட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. மெருகின் விரிசல் வழியே ஈரமோ எண்ணெயோ உட்புகுந்திருந்தால், மறுசூட்டில் ஆவி வெளியேறிக் கொப்புளங்களும் கறைகளும் தோன்றும்.

சுடும் முறை

மெருகின் மேல் தீட்டும் வண்ணங்கள் பொதுவாக 750 முதல் 850 பாகை வரை சுடப்படுகின்றன. ஓவியம் பெரும்பாலும் ஒரே சூட்டில் முடிவதில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே சுடப்படும். எனவே பரப்பும் பலமுறை சூடேறி ஆற வேண்டியிருக்கிறது. வெப்பத்தை மெல்ல ஏற்ற வேண்டும். சூளை நன்கு ஆறும் வரை திறக்கக் கூடாது. மெல்லிய பலகையின் ஒரு பகுதி முந்திக் குளிர்ந்தால் அங்கேயே விரிசல் தொடங்கும்.

சூளை இல்லாதவர்கள், வீட்டு அடுப்பில் ஏறத்தாழ 150 பாகையில் இறுகும் வண்ணங்களைப் பயன்படுத்தலாம். இவை மெருகோடு உருகிக் கலப்பதில்லை; சுரண்டினால் பெயரும். எனவே அலங்காரப் பொருள்களுக்கே ஏற்றவை. சூளை வண்ணங்களிலும் சிலவற்றில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. அவ்வாறு தீட்டிய தட்டில் உணவு பரிமாறக் கூடாது.

ஒரே வகைத் தட்டில் இரண்டு வாங்குவது சிறந்த வழி. ஒன்றில் வண்ணங்களைச் சிறு கோடுகளாகத் தீட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். அது பழுதின்றி வெளிவந்த பிறகே மற்றதில் ஓவியத்தைத் தொடங்க வேண்டும்.