தேஹு ரோட்டைக் கடக்கும் கால்கள்

மனித உடம்பு எவ்வளவு தாங்கும், மூளை எவ்வளவு கொள்ளும்? வரம்பு உண்டு. ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை.

புனே–லோனாவ்லா உள்ளூர் ரயிலில் போகிறவர்களுக்கு தேஹு ரோடு என்றால் ராணுவக் கிடங்குகளின் ஊர். வேலைக்காக வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. ஆண்டில் ஒரு நாள், ஜூன் அல்லது ஜூலையில், இந்த ஊரின் சாலை அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி இந்திராயணிக் கரையில் இருக்கும் தேஹு கிராமத்திலிருந்து புறப்படும் துக்காராம் மகராஜின் பல்லக்கு, இந்த வழியாகத்தான் ஆகுர்டிக்குப் போகிறது. சேரவேண்டிய இடம் பண்டரிபுரம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நடை. 1685-இல் துக்காராமின் மகன் நாராயண மகராஜ் தொடங்கிவைத்தது என்பது வரலாறு.

நடப்பவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அறுபதைத் தாண்டிய பெண்கள் தலையில் துளசி மாடத்தைச் சுமந்து நடக்கிறார்கள். மழை வந்தால் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பயிற்சியாளர் கிடையாது, சத்து மாவு கிடையாது. பலர் கையில் பாட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. அபங்கங்கள் நினைவிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலில் உடம்பின் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி செலவாகும். நடந்தால் கிலோமீட்டருக்கு மேற்கொண்டு ஏறக்குறைய 50 கலோரி. நாளுக்கு 15, 20 கிலோமீட்டர் என்றால், மற்ற வேலைகளையும் சேர்த்து ஒரு வார்கரியின் மொத்தச் செலவு, படுத்திருக்கும் செலவைப்போல் சுமார் இரண்டு மடங்கு.

இந்த மடங்குதான் விஷயம். 2015-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை, வாரத்துக்கு ஆறு மாரத்தான் வீதம் சுமார் ஐந்து மாதம் ஓடியவர்களை ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. மூன்று வாரம் நடக்கும் பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் வீரர்கள் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரை செலவிடுகிறார்கள். ஆனால் பந்தயம் மாதக்கணக்கில் நீண்டால், எப்பேர்ப்பட்ட வீரரானாலும் செலவு 2.5 மடங்கை ஒட்டி வந்து நின்றுவிடுகிறது. தடுப்பது இதயமோ தசையோ அல்ல, வயிறு என்பது அவர்கள் கணிப்பு. அதற்கு மேல் உணவைச் செரித்துக் கொடுக்கக் குடலால் முடிவதில்லை. பற்றாக்குறையை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுக்கிறது, எடை கரைகிறது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. கர்ப்பிணிகளின் செலவு 2.2 மடங்கு. வரம்புக்கு அருகிலேயே மாதக்கணக்கில் வாழ்பவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதானால், அது முதலில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

ஒரு கணத்தில் வெளிப்படும் வலிமைக்கு வேறு கணக்கு. மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டைன்ஹாஸ் என்ற இருவர் 1961-இல் வெளியிட்ட சோதனையில், ஆட்களைக் கையை மடக்கி முழுப் பலத்துடன் திரும்பத் திரும்ப இழுக்கச் சொன்னார்கள். இழுப்பதற்குச் சில நொடி முன்னால் திடீரென்று துப்பாக்கி வெடித்தபோது வலிமை கூடியது. வாய்விட்டுக் கத்திக்கொண்டு இழுத்தபோதும் கூடியது. ‘முழுப் பலம்’ என்று அவர்கள் நினைத்தது முழுப் பலம் அல்ல. மூளை கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. நெடுந்தூர ஓட்டத்திலும் உடம்பு சேதமாகும் முன்பே மூளைதான் தடை போடுகிறது என்று தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் வாதாடினார். எல்லா உடலியல் அறிஞர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, அந்த மூளைக்கு வரம்பு எது? மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம் என்று நினைவாற்றல் வகுப்புக்காரர்கள் சொல்வது வெறும் கதை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் செலவாகும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. பத்தில் ஒன்பது பங்கைச் சும்மா வைத்துச் சோறு போட உடம்புக்கு வசதி இல்லை.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு விஷயங்களில் ஒரே சமயம் கவனம் செலுத்திக் காட்டிய ஊர் நம்முடையது. சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் இந்த வரிசையில் இன்னும் சுவாரசியமானவர். சிறு வயதில், வீட்டு விருந்துக்கு வந்தவர்களின் கார் எண்களை எல்லாம் ஒப்பித்தாராம். 1981 ஜூலை 5 அன்று மங்களூரில், வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் முடிவில்லாத ‘பை’ எண்ணை 31,811 இலக்கம் வரை பிழையின்றிச் சொல்லி கின்னஸில் இடம்பிடித்தார். 3 மணி 49 நிமிடம். இடையில் ஓய்வும் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸில் அவரைச் சோதித்த சார்லஸ் தாம்ப்சன், இது பிறவியிலேயே வந்த கொள்ளளவு என்றார். ஆண்டர்ஸ் எரிக்சன் மறுத்தார்: எல்லாம் பழக்கம். பொருள்களின் படங்கள் எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருந்தன என்று நினைவுபடுத்தச் சொன்ன சோதனையில் ராஜன் மற்றவர்களைவிடப் பின்தங்கினார் என்பது எரிக்சன் கட்சிக்குச் சாதகம்.

எரிக்சன் கையில் வேறொரு சாட்சியும் இருந்தது. சராசரி மனிதரால் ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்ல முடிவது ஏழு இலக்கம்தான். அப்படிப்பட்ட ஒரு கல்லூரி மாணவர், பிட்ஸ்பர்கில் எரிக்சன் குழுவிடம் 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி எடுத்து 79 இலக்கத்தை எட்டினார். 1980-இல் இது வெளியானது. அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் ‘ஒரு மைலுக்கு 3 நிமிடம் 49.2 நொடி’ என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறிலேயே நின்றுவிட்டார்! பாத்திரம் பெரிதாகவில்லை, அடுக்கும் விதம்தான் மாறியிருந்தது.

பாட்டுக்குத் தாளமும் பொருளும் உண்டு, பைக்கு அவை இல்லை. துக்காராமின் ஏடுகள் இந்திராயணியில் மூழ்கடிக்கப்பட்டு 13 நாள் கழித்து மிதந்து வந்தன என்பது தேஹுவின் நம்பிக்கை. அவை மக்கள் வாயிலிருந்துதான் மீண்டன என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அபங்கங்களில் எத்தனையோ பாடிப் பாடியே நிலைத்தவை என்பதை, பல்லக்கின் பின்னால் ஒரு மணி நேரம் நடந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

வரம்பைத் தொட்டுப் பார்க்கும் ஆசை தன் உடம்போடு நிற்கும்வரை வம்பில்லை. 2006 மே 2 அன்று ஒடிசாவில் நான்கு வயது புதியா சிங், புரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான். நாடே கைதட்டியது. பரிசோதித்த மருத்துவர்கள் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, இதயத்துக்குச் சிரமம் என்றார்கள். அரசு அவன் நெடுந்தூரம் ஓடத் தடை விதித்தது. இக்காயின் துப்பாக்கி ஒரு கணம்தான் வெடித்தது. அந்தப் பிள்ளையின் காதில் அது ஏழு மணி நேரம் வெடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லும் உரிமை நான்கு வயதுக்கு ஏது?

பல்லக்குப் பாதையில் அந்தக் கவலை இல்லை. ‘திண்டி’ எனப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் மூட்டை முடிச்சுகளோடு ஒரு லாரி வரும். ஓரமாக உட்கார்ந்தவர்களின் காலைப் பிடித்துவிடத் தொண்டர்கள் எண்ணெயுடன் காத்திருக்கிறார்கள். முடியாத கிழவி லாரியில் ஏறிக்கொள்கிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் காலை தாளம் கேட்டதும் இறங்கி நடக்கிறாள்.