கடை வண்டிக்கு ஏற்ற ஸ்பிரிங் எது?

மண்டிக்கும் கடைக்கும் சொந்த வண்டியில் சரக்கு ஏற்றி வரும் வணிகர்கள் நம்மில் பெருகிவிட்டார்கள். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தபின், வாடகை வண்டிக்குக் காத்திருந்த சிறு கடைக்காரர்கள் பலரும் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். வண்டி வாங்கும்போது விலை, மைலேஜ், வட்டி எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் சில வருடம் ஓடிப் பின்பக்கம் தாழ்ந்ததும், "இன்னொரு பட்டை போட்டுவிடலாம் அண்ணாச்சி" என்று பட்டறையில் சொன்னால், மறுபேச்சின்றித் தலையாட்டிவிடுகிறோம். அது சரியா என்று இங்கே பார்ப்போம்.

ஸ்பிரிங்கின் வேலை என்ன?

சிறு வண்டிகளில் இரண்டு வகை ஸ்பிரிங் உண்டு. டாடா ஏஸ் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்கோடு வந்த வண்டி. 2019 வரை தயாரான மாருதி ஆம்னியில் முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் பட்டை. ஈக்கோவில் பின்புறமும் சுருள்தான். எந்த வகையானாலும் வேலை ஒன்றே: பாரத்தைத் தாங்குவது, பள்ளம் மேட்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஷாக் அப்சார்பரை, ஸ்பிரிங்கை அல்ல.

"கொஞ்சம் கனமாகப் போடுங்கள்"

பட்டறையில் நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. ஆனால் ஸ்பிரிங் விஷயத்தில் கொஞ்சம் என்பது கொஞ்சமாக நிற்பதில்லை. நீளமும் அகலமும் மாறாமல், 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சுருள் ஸ்பிரிங்கில் 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடும். ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் வண்டி தாழ்வதோடு ஸ்பிரிங்கும் விறைத்துப் போகும். நெருப்பில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதமே கெட்டுவிடும்.

விறைத்த ஸ்பிரிங்கால் வரும் நஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மண்டிக்குப் போவது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். மற்ற நாட்களில் வீட்டு டெலிவரிக்கு நூறு, நூற்றைம்பது கிலோவோடு ஓடுகிறோம். அந்தக் குறைந்த பாரத்துக்கு விறைத்த ஸ்பிரிங் அசைந்து கொடுக்காது. அதிர்ச்சி முழுவதும் முட்டைக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் போகும். கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிரேக் பிடிப்பதில்லை.

தாழாத வண்டியே ஆபத்து

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாரம் மிகும்போது வண்டி தாழ்வது நமக்கு ஓர் எச்சரிக்கை. கூடுதல் பட்டை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, "இன்னும் ஐந்து மூட்டை ஏற்றலாம்" என்கிறோம். பட்டைதான் கூடியிருக்கிறதே தவிர, பிரேக், டயர், அச்சு, பேரிங் எல்லாம் கம்பெனி கொடுத்த பழைய அளவிலேயே இருக்கின்றன. இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டியவை அவைதான்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் பட்டை சேர்த்ததால் மாறுவதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் காட்டி வாதாட இடம் உண்டு.

ஐந்து நிமிடக் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் பாரம் இல்லாத எடை, பாரத்தோடு மொத்த எடை இரண்டும் இருக்கும். உதாரணமாக முதலாவது 850 கிலோ, இரண்டாவது 1,550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 700 கிலோ. ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் 130 கிலோ கழித்தால் மீதி 570. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை 22. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணை வண்டிக்குள் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

பட்டறைக்குப் போகும் முன்

1. சரக்கு ஏற்றிய வண்டியை ஒருமுறை எடை மேடையில் நிறுத்தி, மொத்த எடையையும், முன்சக்கரங்களை மட்டும், பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தியும் எடை பாருங்கள். பளுவான மூட்டைகளைப் பின்கதவோரம் அடுக்கினால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்புக் குறையும்.

2. சமதரையில் காலி வண்டியின் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்து வையுங்கள். ஒருபுறம் மட்டும் தாழ்ந்திருந்தால் உடைந்த பட்டை, தேய்ந்த புஷ், தளர்ந்த யூ-போல்ட் ஆகியவற்றைத் தேடுங்கள்.

3. ஸ்பிரிங் தளர்ந்தது உறுதியானால், உங்கள் மாடலுக்குக் கம்பெனி குறித்த அதே பார்ட் நம்பரை வாங்குங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

4. மாற்றிச் சில நாள் ஓடிய பின் யூ-போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாராவாரம் பாரம் மிஞ்சுகிறது என்றால், குறை ஸ்பிரிங்கில் இல்லை; நம் வியாபாரம் அந்த வண்டியைவிடப் பெரிதாகிவிட்டது. அதற்கு வழி இரண்டு நடை போவது, அல்லது அடுத்த அளவு வண்டி வாங்குவது. இரண்டாவது நடைக்கு ஆகும் டீசல் செலவு சில நூறு ரூபாய். வண்டியை ஓட்டிச் செல்பவர் நம் பிள்ளையாக இருப்பார். இல்லையேல் நம்மை நம்பி வேலைக்கு வந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார். கல்லாவில் கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்போம்.