கடை திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்னும் ஆவல் இன்று நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெருகி வருகின்றது. பிறரிடம் கைகட்டி நிற்காமல், தன் உழைப்பால் தானும் வாழ்ந்து, இன்னும் நால்வரையும் வாழவைக்க எண்ணுவது போற்றத்தக்க எண்ணமே. உழைப்பின் வழியாக மனிதன் இறைவனின் படைப்புப் பணியில் பங்கு பெறுகின்றான் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் எழுதிய சுற்றுமடலில் தெளிவுறுத்தினார். ஆகவே புதிய கடைகளையும் பட்டறைகளையும் மந்திரிக்கக் குருக்களாகிய நம்மை அழைக்கும்போது மனமகிழ்ச்சியோடு செல்கின்றோம்.

ஆனால் அதே கடை மூடப்படும் நாளில் எவரும் எவரையும் அழைப்பதில்லை. அடகுக்குப் போன நகை வீடு திரும்புவதில்லை; கணவன் மனைவிக்கிடையே பேச்சுக் குறைகின்றது; பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுவிடுகின்றது. கடன் கொடுத்த உறவினரைக் காண நாணி ஞாயிறு திருப்பலிக்கு வராமல் இருப்போரும் உண்டு. இது வெறும் வியாபாரச் செய்தியன்று. குடும்பத்தின் அமைதியைப் பற்றிய செய்தி. ஆதலின் இதனைச் சற்று ஆராய்தல் நம் கடமையாகும்.

தொழில் தொடங்குவோரில் எத்தனை பேர் நிலைக்கின்றனர்? அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசு பல்லாண்டுகளாகத் திரட்டி வரும் கணக்கின்படி, புதிதாகத் தொடங்கப்படும் தொழில் நிலையங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதலாண்டிலேயே மூடப்படுகின்றது. ஐந்து ஆண்டுகளுக்குள் பாதி மறைந்துவிடுகின்றன. பத்து ஆண்டுகளைக் கடந்து நிற்பவை மூன்றில் ஒரு பங்கே. மூடப்பட்டவை யாவும் நட்டத்தால் மூடப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. எனினும், செல்வமும் வசதியும் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவெனின், கடன் வாங்கித் தொடங்குபவர் எத்துணை விழிப்போடு இருக்க வேண்டும்!

தோல்விக்குக் காரணம் என்ன? 'போதிய முதல் இல்லை' என்பதே பலரும் உடனே தரும் விடை. 2014ஆம் ஆண்டில் சி.பி. இன்சைட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம், நொடித்துப்போன 101 புதிய நிறுவனங்களைப் பற்றி அவற்றைத் தொடங்கியவர்களும் பிறரும் எழுதியவற்றை ஆராய்ந்தது. மிகுதியாகக் கூறப்பட்ட காரணம் பணமுடை அன்று. 'நாங்கள் செய்த பொருள் மக்களுக்குத் தேவைப்படவில்லை' என்பதே அக்காரணம். நூற்றுக்கு 42 நிறுவனங்களின் கதை இதுவாக இருந்தது. பணமுடை அதற்கு அடுத்தபடியாகவே வந்தது.

நம் நாட்டிலும் பிணையின்றிச் சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கும் முத்ரா திட்டம் 2015 முதல் நடைபெற்று வருகின்றது. நல்ல திட்டமே. ஆயினும், கடன் கிடைக்கின்றது என்பது வாங்குவோர் கிடைப்பார்கள் என்பதற்குச் சான்றாகாது. வங்கியின் பணம் கடையைத் திறக்கும். வாடிக்கையாளரின் பணமே அதனை மூடாமல் காக்கும்.

ஒரு குருவும் ஐந்து இளைஞரும்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், மொந்திராகோன் என்னும் சிற்றூர் உள்ளது. உள்நாட்டுப் போர் முடிந்து வறுமை சூழ்ந்திருந்த 1941ஆம் ஆண்டில், ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்னும் இளங்குரு அவ்வூர்ப் பங்கிற்கு வந்து சேர்ந்தார். சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். எடுத்த எடுப்பில் அவர் தொழிற்சாலை எதையும் தொடங்கவில்லை. 1943இல் 20 மாணவரோடு ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்று மேற்படிப்பும் முடித்த இளைஞர் ஐவர் 1956ஆம் ஆண்டில் 'உல்கோர்' என்னும் தொழிலகத்தை நிறுவினர். அவர்கள் முதலில் செய்து விற்றது மண்ணெண்ணெயில் எரியும் சிறு அடுப்பு.

ஏன் அடுப்பு? அந்நாளில் ஸ்பெயினில் இறக்குமதி பெரிதும் தடைப்பட்டிருந்தது. வீட்டுக்கு வேண்டிய சாதாரணப் பொருள்களுக்கே தட்டுப்பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய பொருள், விற்பவரோ குறைவு. மக்களின் வாழ்க்கைத்தரம் உயர உயர, அவ்விளைஞரும் எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் என்று மாறிச் சென்றனர். தாம் செய்ய விரும்பியதை மக்கள் தலையில் கட்டாமல், மக்களுக்கு வேண்டியதைத் தாம் செய்தனர்.

குருவானவரின் தூண்டுதலால் 1959இல் ஒரு கூட்டுறவு வங்கியும் அங்குத் தோன்றியது. அந்நாளில் புதிய தொழில் தொடங்க விரும்பிய குழுவினர் அவ்வங்கியின் தொழில்பிரிவை நாடினர். கேட்டவுடன் பணம் தரும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. அனுபவம் மிக்க ஒருவரைத் துணையாக அமர்த்தி, யார் வாங்குவார், எவ்வளவு வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், அதே பொருளை வேறு யார் விற்கின்றனர் என்பனவற்றையெல்லாம் ஆராயச் செய்தனர். ஓராண்டு, ஈராண்டுகூட இவ்வாராய்ச்சி நீண்டது. இங்ஙனம் துணை நின்றவரை அவர்கள் 'ஞானத்தந்தை' என்றே அழைத்தனர். எவ்வளவு பொருத்தமான பெயர்! 1956 முதல் 1986 வரை அங்குத் தொடங்கப்பட்ட 103 தொழிற் கூட்டுறவுகளுள் மூடப்பட்டவை மூன்று மட்டுமே என்று அவர்களை ஆராய்ந்த அறிஞர் எழுதியுள்ளனர். பிறர் பாதிக்குப் பாதி விழும் பாதையில் இவர்கள் விழாமல் நடந்தது குருட்டு அதிர்ஷ்டத்தால் அன்று.

இக்கதையின் பின்பகுதியையும் மறைக்கலாகாது. உல்கோரின் வழிவந்த 'ஃபாகோர்' வீட்டுப்பொருள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. 2008க்குப்பின் ஸ்பெயினில் வீடு கட்டும் வேலை படுத்துவிட்டது. புதிய வீடு இல்லையேல் புதிய அடுப்புக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் தேவை ஏது? சகோதர நிறுவனங்கள் பெரும்பணம் கொடுத்துதவியும் அதனைக் காக்க இயலவில்லை. தொழிலாளருள் பலருக்கு வேறு கூட்டுறவுகளில் வேலை கொடுத்தனர்; அது அவர்களின் ஒற்றுமைக்குச் சான்று. ஆனால் ஒன்று தெளிவாகின்றது: நற்பெயரும் நல்லெண்ணமும் மட்டும் சந்தையை உண்டாக்கா. தேவையை ஒருமுறை அறிந்தால் போதாது. ஆண்டுதோறும் மீண்டும் அறிய வேண்டும்.

விவேகமும் ஒரு புண்ணியமே

'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிக் கணக்கைப் பாராமல் இறங்குவது விசுவாசம் ஆகாது. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமல் நகைப்புக்கு இடமானவனைப் பற்றி இயேசு பெருமான் கூறியதை லூக்காஸ் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். அவர் அங்குப் போதித்தது சீடராவதைப் பற்றியே. எனினும், முன்கூட்டிக் கணக்கிடுவதை அறிவுடையோர் செயலாகவே அவர் எடுத்தாண்டார். மேலும், பிறருடைய தேவைகளை முன்னறிந்து அவற்றை நிறைவு செய்யும் திறமை செல்வத்திற்கு ஓர் ஊற்று என்று 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எடுத்துரைத்தார். ஆகவே வாங்குவோரின் தேவையை ஆராய்வது பேராசைக்காரரின் தந்திரம் அன்று. அயலானுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது பிறரன்பின் முதற்படி அல்லவா?

நம் இல்லங்களில் இதை எப்படிச் செய்வது? ஊறுகாய் போடுவதில் வல்ல ஓர் அம்மையார் கடை வைக்க எண்ணுகின்றார் என்று கொள்வோம். விருந்துண்டு புகழ்பவர் வேறு. காசு கொடுத்து வாங்குபவர் வேறு. மறுமுறையும் தேடிவந்து வாங்குபவர் முற்றிலும் வேறு. மூன்றாமவரே தொழிலைத் தாங்குபவர். ஆதலின் கடைக்கு முன்பணம் கொடுக்குமுன், மூன்று மாதம் வீட்டிலேயே சிறிதளவு செய்து, முன்பின் அறியாதவர்களுக்கு முழு விலைக்கு விற்றுப் பார்க்கட்டும். எத்தனை பேர் மீண்டும் வந்தனர் என்பதைக் குறித்து வைக்கட்டும். அவர்கள் இப்போது யாரிடம், என்ன விலைக்கு வாங்குகின்றனர் என்று கேட்டறியட்டும். வாடகை, மின்கட்டணம், கெட்டுப்போகும் சரக்கு ஆகியவற்றோடு தம் உழைப்புக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கெழுதட்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, எந்த எல்லைவரை நட்டத்தைத் தாங்குவோம், எந்த நகையைத் தொடமாட்டோம், எந்த மாதத்தில் நிறுத்திவிடுவோம் என்பதைத் தொடங்குமுன்னரே தாளில் எழுதிக்கொள்வது நன்று. தொடங்கிய பின் மானம் குறுக்கே நிற்கும், கண் தெரியாது.

நம் பங்குகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஓய்வுபெற்ற வங்கி அலுவலரும், நீண்டகாலம் வாணிகம் செய்தவரும் இல்லாத பங்கு அரிது. வின்சென்ட் தே பவுல் சபை போன்ற பங்குச் சபைகள் இவர்களை ஒன்றுகூட்டி, தொழில் தொடங்க விரும்பும் இளைஞருக்கும் கைம்பெண்களுக்கும் 'ஞானத்தந்தையராக' நிற்கச் செய்யலாம். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். மாதம் ஒரு மாலைப்பொழுது போதும். துணிந்து முயன்று தோற்றவரைப் பழிக்காமல் அரவணைப்பதும் அச்சபைகளின் பணியாகட்டும். ஏனெனில், தோல்வி பாவமன்று.

அரிஸ்மெந்தியாரியெத்தா அடிகளார் 1976ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். 2015இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. ஒரே கண்ணைக் கொண்டு அவர் தம் மக்களின் தேவையைக் கண்டார். இரு கண்ணுடைய நாம், கடையின் பெயர்ப் பலகைக்கு வர்ணம் தேடுமுன், அக்கடைக்கு முன்னால் நடந்து செல்லும் மனிதரை ஒருகணம் நின்று பார்ப்போமாக. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்போமாக. அவர் தரும் விடை நமக்குப் பிடிக்காததாய் இருப்பினும், அது நம் வீட்டு நகையையும் நிம்மதியையும் காக்கும்.