அ என்றால் எட்டு, அனைவரும் சமம்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் பிரிவு எண்கள் மனத்தில் நிற்கவே மாட்டேன் என்கின்றனவே, வழி உண்டா என்று கிள்ளானிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் தனியார் கல்லூரிகளில் சட்டம் படிப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

183 பிரிவுகளையும் சுமக்க வேண்டியதில்லை. பகுதிகளின் எல்லை தெரிந்தால் போதும். 5 முதல் 13 வரை அடிப்படை உரிமைகள், 14 முதல் 31 வரை குடியுரிமை, 113 முதல் 120 வரை தேர்தல், 121 முதல் நீதித்துறை. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 119ஆவது பிரிவில் நிகழ்ந்தது என்றால், அது எந்தப் பகுதி என்று கேட்கவே வேண்டாம்.

உரிமைகளுக்கு மட்டும் தமிழர் கையில் ஓர் அருமையான கருவி இருக்கிறது: பழைய தமிழ் எண்கள். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என ஒன்று முதல் ஒன்பது வரை எழுத்துச் சாயலிலேயே அவை அமைந்தவை, பத்துக்கு ய. இவற்றை முதலெழுத்தாக்கிப் பாருங்கள். ஆறு, சு: சுமை ஏற்றாதே, அடிமைத்தனமும் கட்டாய உழைப்பும் கூடாது. ஏழு, எ: எப்போதோ செய்ததற்குப் புதுச் சட்டம் போட்டுத் தண்டிக்க முடியாது. எட்டு, அ: அனைவரும் சமம். ஒன்பது, கூ: கூட்டைவிட்டுத் துரத்தாதே, குடிமகனை நாடு கடத்த முடியாது. பத்து, ய: யாரும் பேசலாம். பதினொன்று, இலக்கங்களை அடுத்தடுத்து எழுதினால் கக: கடவுளைக் கும்பிடு. பன்னிரண்டு, கஉ: கல்வி உரிமை! பதின்மூன்றுக்கு ங முரண்டு பிடிக்கும். 'காணி தங்கும்' என்று சொத்துரிமையை ஒருவாறு பொருத்திக்கொள்ளலாம்.

எழுத்து எண்ணைத்தான் தரும், வரம்புகளைத் தராது. பேச்சுரிமை குடிமக்களுக்கே உரியது. நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தவும் முடியும். பிரிவைத் திறந்து படித்தே ஆக வேண்டும். வழக்கறிஞர் மன்றம் 2009இல் அரசியலமைப்பை மக்களிடம் கொண்டுசெல்ல ஓர் இயக்கமே தொடங்கி, எளிய கையேடுகளை வெளியிட்டது. அப்படியிருந்தும், மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை குறித்து அரசியல் மேடைகள் முழங்கும் 153 தெரிந்த அளவுக்கு நம் வீடுகளில் 5 தெரியவில்லை. இது வருந்தத்தக்கது.

ஐந்து, ரு: பேச்சுவழக்கில் 'உயிரு'. உயிரும் உடல் சுதந்திரமும் இந்தப் பிரிவில்தான். கைதாகிறவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளுக்கு முதலில் இந்த ஐந்தைச் சொல்லிக்கொடுங்கள்.