பிளிமத் பாறைகளில் நத்தைகள்: அன்றும் இன்றும்

இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரைப் பாறைகளில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு நத்தை வாழ்கிறது. பெயர் டாக் வெல்க். 1970-இல் அதில் ஒரு விபரீதம் பதிவானது. முட்டையிட்டு முடித்த பெண் நத்தைகளின் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண்குறி போன்ற ஒன்று முளைத்திருந்தது. காரணம் அப்போது எவருக்கும் புலப்படவில்லை.

அடுத்த ஆண்டுகளில் துறைமுகங்களையும் படகுத்துறைகளையும் ஒட்டிய பாறைகளில் நத்தைகள் குறைந்துகொண்டே போயின. முளைத்த உறுப்போடு உருவான குழாய்த் திசு வளர்ந்து முட்டை வெளிவரும் வாயை அடைத்தது. முட்டைக்கூடுகள் உள்ளேயே தேங்கி, தாய் நத்தை மடிந்தது.

குற்றவாளி படகின் அடியில் பூசும் பெயின்டில் இருந்தது. கொட்டலசும் பாசியும் ஒட்டாதிருக்கச் சேர்த்த ட்ரைபியூட்டைல்டின் அது. பிளிமத் ஆய்வாளர்கள் பிரையன், கிப்ஸ் குழுவினர் 1986-இல் இதை எழுதினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே போதும், நத்தையின் உடல் மாறத் தொடங்கிவிடும். அந்நாளைய கருவிகள் திணறிய அளவை இந்தச் சிற்றுயிர் தன் உடலிலேயே எழுதிக் காட்டியது! பிரான்சில் இதே நஞ்சால் சிப்பி வளர்ப்போர் நொடித்த பின் 1982-இலும், பிரிட்டனில் 1987-இலும் சிறு படகுகளில் இந்தப் பெயின்டைப் பூசத் தடை வந்தது. பெரிய கப்பல்களுக்கான உலக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2008-இல்தான். இத்தனை தாமதத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

இன்று பல கரைகளில் நத்தைகள் திரும்பியிருக்கின்றன. ஆனால் மெல்லத்தான். இதன் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுவதில்லை. பாறையில் ஒட்டிய, நெல்மணி போன்ற கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவருகின்றன. அடியோடு அழிந்த இடத்துக்கு அக்கம்பக்கத்திலிருந்து ஊர்ந்துதான் வந்து சேர வேண்டும்.

கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. ஆய்வாளர்கள் நத்தைகளைப் பொறுக்கி வந்து, ஓடு உடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பாதிப்புக்குப் படிநிலை எண் இடுகிறார்கள். எண் மேல்படிகளை எட்டினால் பெண்கள் மலடாகிவிட்டன என்று பொருள்.

பழைய நஞ்சு துறைமுகச் சேற்றில் இன்னும் படிந்திருக்கிறது. தூர்வாரினால் மேலே எழும்பும். தடை வந்துவிட்டது என்று இந்தக் கணக்கெடுப்பை எந்த அரசும் நிறுத்திவிடக் கூடாது.