ஒரு முறை சொன்னால் போதும்

உறவில் ஒருவர் தன் செயல் ஒவ்வொன்றுக்கும் அளவுக்கு மீறி விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் பயத்தில் வரும் பழக்கம். எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று ஆகிவிட்டால், கேட்காத கேள்விக்கும் பதில் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆண்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போவது வழக்கம். ஊரில் இருக்கும் மனைவியை நாள் முழுக்க போனிலேயே விசாரிக்கும் கணவர்களும் உண்டு. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன மனைவி அரை மணி நேரம் தாமதமாகத் திரும்புகிறார். "கூட்டமா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. முன்னால் யார் நின்றார், வழியில் யாரிடம் பேசினார் என்று நீண்டு, "வேணும்னா பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுப் பாருங்க" என்பதில் போய் நிற்கிறது. வீடியோ காலில் இடத்தைக் காட்டினாலும் சந்தேகம் அடங்காது. சொன்ன விளக்கத்திலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கும். நாளடைவில் அவருக்கே தன் நினைவின் மீதும் முடிவின் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது. உடலில் தழும்பு விழாத காயம் அது.

புரிந்துகொள்ள விரும்பிக் கேட்பவருக்கு ஒரு முறை சொன்னால் போதும். "நடந்தது இவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொள்ளப் பழகலாம். நடந்ததைத் தேதியோடு நோட்டில் குறித்து வைத்தால் பிறர் மாற்றிச் சொல்லும்போது தடுமாற்றம் வராது. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் மட்டும், எதிர்த்துப் பேசுவதைவிடப் பாதுகாப்பான இடம் தேடுவதே முதல் வேலை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், சொல்லாலும் மனரீதியாகவும் துன்புறுத்துவதையும் வன்முறை என்றே கொள்கிறது. நடத்தையைப் பழிப்பது, வீட்டைவிட்டு வெளியே விடாமல் தடுப்பது, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்கவிடாமல் செய்வது ஆகியவை 2006ஆம் ஆண்டு விதிகளின் படிவத்திலேயே உள்ளன. காயம் இருந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்று பலர் நினைப்பது தவறு. மனைவி மட்டுமல்ல, வீட்டில் உள்ள தாயும் சகோதரியும்கூட இந்தச் சட்டத்தை நாடலாம். விவரம் அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும்.

பெண்களுக்கான உதவி எண்ணான 181ஐ எந்த நேரமும் அழைக்கலாம். மன உளைச்சலுக்கு 14416இல் ஆலோசனை கிடைக்கும். வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம்.