மார்கழிப் பூவுக்கு மல்லிகைக் கவாத்து

திண்டுக்கல், நிலக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் விலை சரிந்து கிடக்கும் குண்டுமல்லி, மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போவதுண்டு. அப்போது கூடையில்தான் பூ இருப்பதில்லை.

காரணம் செடியின் குணம். மல்லிகை வெயிலை விரும்பும் பயிர். புதிதாக ஓடும் தளிரில்தான் மொட்டு வைக்கும். இரவுக் குளிர் மிகுந்தால் தளிர் ஓடுவது தடைப்படும்; வைத்த மொட்டும் சிறுத்துவிடும். கொடைக்கானலைப் போல இங்கே உறைபனி விழுவதில்லை. ஆகவே செடி சாவதில்லை, வரும்படிதான் போகிறது.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வது வழக்கமான சிபாரிசு. அச்செடிகள் மாசி, பங்குனியில் பூக்கும். குளிர்காலப் பூ வேண்டுவோர் சில செடிகளைச் செப்டம்பர் கடைசியிலேயே வெட்டிப் பார்க்கலாம். மண்ணில் சூடு இருக்கும்போதே தளிர் ஓடி, குளிர் இறுகுமுன் மொட்டுக் கட்டிவிடும் என்பது கணக்கு.

கணக்கு தப்பவும் கூடும். ஐப்பசி மழை அடைத்துப் பெய்தால் வேரில் நீர் தேங்கும், இளந்தளிரில் இலைப்புள்ளி விழும். ஓராண்டு பனி முந்தும். மற்றோராண்டு தை வரை மேகமூட்டமும் புழுக்கமுமாகப் போகும். எனவே 100 செடிக்கு 20 செடி போதும். விலையைக் கேட்டு முழுத் தோட்டத்தையும் வெட்டுவது சூதாட்டம். குளிர்காற்று பள்ளத்தில் தங்குமாதலால், வாடைக்கு மறைவான மேட்டுப் பாத்திகளைத் தேர்ந்தெடுத்து வடிகால் எடுக்க வேண்டும்.

வெட்டியதும் செடிக்கு 10 கிலோ தொழுஉரம் இடலாம். ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் தேவை. இதில் பாதியைக் கவாத்துக்குப் பின்னும், மீதியை ஜூன், ஜூலையிலும் இட வேண்டும்.

செப்டம்பரில் வெட்டிய செடியை நவம்பரில் மறுபடி வெட்டக் கூடாது. அதில் பங்குனிப் பூ குறையலாம். அந்த இழப்பையும் சேர்த்தே லாபம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1 நட்சத்திர மல்லிகை குளிர்காலத்திலும் பூக்கும். வரப்போரம் சில செடி நட்டுப் பார்க்கலாம். ஆனால் குண்டுமல்லி கேட்கும் வியாபாரி இதற்கும் அதே விலை தருவாரா என்று சந்தையில் முதலில் விசாரிப்பது நல்லது.

இரு வகைக் கவாத்துக்கும் வெட்டிய தேதி, அன்றன்றைய எடை, விற்ற விலை மூன்றையும் தனித்தனியே நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று மார்கழியாவது பார்த்த பிறகே செடி எண்ணிக்கையைக் கூட்டலாம்.